குவாங்சோவில் தங்கும் செலவு: சைபர்

கரும்பலகையில் அகெனெசே எழுதியது நான்கே வரிகள். விமானம், தங்கும் அறை, சாப்பாடு, பேருந்து. நான்கையும் கூட்டினால் ஆறாயிரம் தாலாவுக்கு ஐம்பது குறைவு. மகளிர் குழு ஒரு வருடம் பிங்கோ நடத்தியும், சாப்பசூய் என்ற சேமியாக் கறியைத் தட்டுப் போட்டு விற்றும் சேர்த்த பயணப் பணம் சரியாக ஆறாயிரம். இவ்வளவு அழகாக ஒரு கணக்கு வந்துவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது வியாபாரிகளின் பாலபாடம். அகெனெசே தைத்து விற்பவள், பாடம் தெரிந்தவள்தான். ஆனாலும் அன்று கொஞ்சம் மகிழ்ந்துபோய்க் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

ஆள் நேரில் போக வேண்டும் என்ற யோசனைக்குக் காரணம் நாற்காலிகள். இரண்டு வருடத்துக்கு முன் மகளிர் கூடத்துக்காக நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் படம் பார்த்துச் சீனாவிலிருந்து வரவழைத்தார்கள். படத்தில் நாற்காலி கம்பீரமாக இருந்தது. பக்கத்தில் மனிதர் யாரும் நிற்கவில்லை. பெட்டியைப் பிரித்தபோது அத்தனையும் முழங்கால் உயரம், நர்சரிப் பிள்ளைகள் உட்காருவது. சவாயி தீவின் பெண்கள் உடம்பு வஞ்சனை இல்லாதது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த முறை அதே சீனாவின் குவாங்சோ நகரத்தில் வாங்கப்போவது துணியில் பூப்பின்னும் இயந்திரம். அது வந்தால் தீவிலுள்ள எல்லாத் தேவாலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சீருடை தைக்கும் வேலை அகெனெசேயின் கைக்கு வரும், குழுவுக்கும் பங்கு உண்டு. இரண்டு பசுக்களை விற்று அவள் முன்பணம் அனுப்பிவிட்டாள். மீதி விலையைப் போதகரம்மா தனியாகப் பூட்டி வைத்திருந்தாள். அடுத்த மாதக் கடைசிக்குள் ஆள் வந்து பார்த்து மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது. பசுக்கள் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் செரித்தாகிவிட்டன.

பயணப் பணம் பொதுப்பணம் என்பதால் ஊர்த் தலைவர்கள் ஒப்ப வேண்டும். மூன்று பேர் வந்து, நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, தரையிலேயே சம்மணம் போட்டார்கள். இருவருடைய வேலை தலையாட்டுவது. பேசுகிறவர் மூலிதாலோ. ஊரின் பேச்சுத் தலைவர் அவர். தோளில் தென்னைநார்ச் சாமரம், கையில் கோல். கல்யாணமோ சாவோ, இந்த ஊரின் சார்பில் வாய் திறக்கும் உரிமை அவருக்குத்தான். கொட்டாவி விட்டால்கூட அதில் முன்னுரை, முடிவுரை இருக்கும் என்பார்கள்.

"ரெண்டாவது வரி என்னம்மா?" என்றார்.

"தங்குற அறைங்க ஐயா. ஏழு ராத்திரி."

"காசு குடுத்தா?"

"ஆமாங்க."

மூலிதாலோ சாமரத்தை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார். "நம்ம ஊருக்கு ஒருத்தன் வர்றான். வந்து, இங்க படுத்துக்க எவ்வளவுன்னு கேக்குறான். நமக்கு எப்படி இருக்கும்?"

"மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருக்கும்," என்றாள் போதகரம்மா. அவள் குழுவின் தலைவி. அகெனெசேக்குத் துணையாக வந்தவள். கேள்வி நியாயமாக இருந்ததால் பதிலும் நியாயமாக வந்துவிட்டது.

"அவ்வளவு பெரிய ஊரை அப்படி அறையணுமா? அழி."

போதகரம்மா எழுந்துபோய் அழித்தாள்.

"மூணாவது?"

"சாப்பாடுங்க."

மூலிதாலோ பலகையை வருத்தத்தோடு பார்த்தார். போதகரம்மா அதையும் அழித்தாள்.

"ஐயா, அது நகரம்," என்றாள் அகெனெசே. "அங்க யாரு யாருக்குச் சோறு போடுவாங்க?"

"ஊர் பெருசாக ஆகச் சோறும் பெருசாகத்தானே ஆகும்? இருவது வீட்டு ஊரே நமக்குப் பன்றி அடிக்குது. சரி, அதை விடு. நீ என்ன கொண்டு போற?"

"ஒரு பெட்டிங்க. மாத்துத் துணி."

தலையாட்டுகிற இருவரும் தலையாட்டுவதை நிறுத்தினார்கள். விருந்துக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகிறாளாம். அதன்பின் சாக்கட்டி ஓயவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சீராகக் கொடுக்கும் மென்பாய் ஆறு, அவை வீடுகளிலிருந்து வரும், செலவில்லை. பன்றிக்குட்டி ஒன்று, அதுவும் வீட்டுச் சரக்கு. டின் மீன் பெட்டி பதினாறு. கெங்கின் கடையில் வாங்க வேண்டும், ஆயிரத்து முந்நூறு தாலா.

"எல்லாம் சரி, யாரு பேசறது?" என்றார் மூலிதாலோ மெதுவாக.

பதில் அவர்களுக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை பாயையும் மீனையும் ஒரு பெண் பேச்சில்லாமல் நகர வாசலில் இறக்கிவைத்தால் சரக்கு லாரி வந்துபோன மாதிரி இருக்காதா? ஆகவே விமானச் சீட்டு இரண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அகெனெசே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பத்தாயிரத்துக்கும் மேலே. வரவு ஆறாயிரம். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது பணம் போதாது என்று இவர்களாகவே பின்வாங்கி, பழைய நாலு வரிக்கு வந்துவிடுவார்கள்.

மூலிதாலோ கோலைப் பலகைப் பக்கம் நீட்டினார். "போறதுக்கு டிக்கெட். சரி. வர்றதுக்கு எதுக்கு?"

"திரும்பி வரணுமே ஐயா."

"விருந்தாளி கிளம்பறப்ப கையில வழிச்செலவு வெச்சு அனுப்பறது யாரு?"

"வீட்டுக்காரங்க," என்றாள் போதகரம்மா. அன்று அவள் வாய்க்குப் பூட்டே இல்லை.

அதுதான் வழக்கம். வந்த பேச்சுத் தலைவரை வழிச்செலவுப் பணம் தராமல் அனுப்பிய குடும்பத்தின் பெயர் மூன்று தலைமுறைக்கு நாறும். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவருக்கும் பேருந்துக் காசு உண்டு. ஏறாத பேருந்துக்குத்தான் காசு அதிகம்.

போதகரம்மா இரண்டு திரும்பும் சீட்டையும், அதோடு பேருந்தையும் அழித்தாள். ஒருவழிச் சீட்டு இரண்டு, நாலாயிரத்து அறுநூறு. மீன் ஆயிரத்து முந்நூறு. மொத்தம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.

"உன் கணக்கைவிட அம்பது தாலா குறைச்சல்," என்றார் மூலிதாலோ. பெருமையாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார்.

தலைகள் ஆடின. ஒப்புதல் ஆயிற்று. தங்க இடமில்லாமல், சாப்பிடக் காசில்லாமல், திரும்பச் சீட்டில்லாமல், ஒரு பேச்சாளரையும் ஒரு பன்றிக்குட்டியையும் கூட்டிக்கொண்டு ஒன்றே முக்கால் கோடிப் பேர் வாழும் நகரத்தில் இறங்கும் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டம் கலையும்போது மூலிதாலோ அவளை ஒதுக்கி, "ஏம்மா, அந்த ஊருக்குக் கப்பல் ஏதும் போகுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. ஆகாயத்துலதான். ராத்திரி பூரா."

"ராத்திரி பூராவா," என்று சொல்லிக்கொண்டே அவர் கோலை ஊன்றி நடந்தார். பக்கத்துத் தீவுக்குப் போகும் படகிலேயே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறவர் அவர்.

*

கெங்கின் கடை மகளிர் கூடத்துக்கு எதிர்ப்புறம். கம்பிவலைக்குப் பின்னால் கணிப்பானை மடியில் வைத்துக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குவாங்சோவில் பிறந்தவன். இந்த ஊருக்கு வந்து பதினாலு வருடம். ஊர்ப்பேச்சை ஊர்க்காரர்களைவிட வேகமாகப் பேசுவான், கடன் கேட்டால் மட்டும் புரியாது.

அகெனெசே எல்லாவற்றையும் சொன்னாள். கெங் சிரிக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் கிண்ணத்தை இறக்கி வைத்தான்.

"அக்கா, எங்க ஊர்ல உங்களை யாரும் வரவேற்க மாட்டாங்க. எங்க அத்தையே வரவேற்க மாட்டா. நான் போனாலே எப்பக் கிளம்புவன்னுதான் கேப்பா."

"ஐயா பேசினா?"

"விமான நிலைய வாசல்லயா? ரெண்டு வாக்கியம் ஆகறதுக்குள்ள காவல்காரன் நகரச் சொல்லுவான். பன்றி அதுக்கு முன்னாடியே போயிருக்கும்."

"நம்ம ஐயாவுக்கு ரெண்டு வாக்கியம்னா அரை மணி நேரம்."

"அப்ப காவல்காரன் பாவம்."

அகெனெசே கல்லாவில் முழங்கையை ஊன்றினாள். கடை முழுக்கப் பார்த்தாள். அரிசி மூட்டை, கொசுவத்தி, சோப்பு, நூடுல்ஸ். எல்லாம் அங்கிருந்து வந்தவை. கெங்கும் அங்கிருந்து வந்தவன். அவள் அவனையே பார்க்கத் தொடங்கினாள். விலை தெரியாத துணியைத் தடவிப் பார்ப்பது போல.

"எதுக்கு அப்படிப் பாக்குறீங்க," என்றான் கெங். "கடன் கிடையாது."

"கடன் இல்ல தம்பி. நீதான் குவாங்சோ."

"நான் கெங்."

"இந்தத் தீவுல அந்த ஊர் ரத்தம் வேற யாரு இருக்கா? நாங்க அங்க போறதுக்குப் பதிலா இங்க வர்றோம். பாய், மீன், பேச்சு எல்லாம் உனக்கு. விருந்து முறை முடிஞ்சுடும். அப்புறம் நான் தனியாப் போய் மெஷினப் பாத்துட்டு வந்துருவேன்."

கெங் வியாபாரி. முதலில் அவன் கேட்டது, "நான் என்ன குடுக்கணும்?"

"ஒரு வேளைச் சோறு. எனக்குத் திரும்பி வர்ற வழிச்செலவு. ரெண்டாயிரத்து முந்நூறு."

கெங் கம்பிவலையின் சின்னக் கதவைச் சாத்தினான்.

"கேளு," என்றாள் அவள், வலை வழியாக. "மீன் பெட்டி பதினாறும் உன்கிட்டதான் வாங்கறோம். சில்லறை விலைக்கு. அதையே உனக்குக் குடுக்கறோம். மறுபடி விக்கற. ஒரே மீனு ரெண்டு தடவை. உங்க அத்தைகூட இப்படி வியாபாரம் பண்ணியிருக்க மாட்டா."

கணிப்பானில் விரல் போகும் சத்தம் கேட்டது. "பாய் என்ன விலை போகும்?"

"பாயை வித்துடாத. ஒவ்வொரு சாவுக்கும் உன்கிட்ட வந்து நிக்கறாங்கல்ல, நாலு பெட்டி குடு, அஞ்சு பெட்டி குடுன்னு? இனிமே ஒரு பாயைத் தூக்கிக் குடு. ஆறு பாய், ஆறு சாவு."

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரத்து முந்நூறு. டிக்கெட் விலை அது, நான் வெச்ச விலை இல்ல."

"உங்க பெட்டியில இருவது கிலோ எனக்கு. வர்றப்ப காய்ஞ்ச ஆரஞ்சுத் தோலு, மூலிகைத் தேத்தூள். எங்க அத்தைகிட்ட வாங்கிட்டு வாங்க."

"பத்து கிலோ."

"பதினஞ்சு. இன்னொண்ணு. மூலிதாலோ ஐயா ஒரு மணி நேரத்துக்கு மேல பேசக்கூடாது. கடை மூடியிருக்கும்."

அது தன் கையில் இல்லை என்று அகெனெசேக்குத் தெரியும். ஆனாலும் "சொல்லிப் பாக்கறேன்," என்றாள். சொல்லிப் பார்ப்பதாகச் சொல்வதற்குக் காசு ஆகாது.

*

மறுநாள் தலைவர்கள் முன் அவள் பணிவாகக் கேட்டாள். "ஐயா, ஒரு ஊருக்குச் சொல்லாம கொள்ளாமப் போலாமா?"

"அபச்சாரம்," என்றார் மூலிதாலோ. "முன்கூட்டியே தகவல் போகணும்."

"யாருகிட்டங்க சொல்றது?"

"அந்த ஊர் ரத்தம் நம்ம பக்கத்துல யாரு இருக்காங்களோ, அவங்ககிட்ட."

"கெங் இருக்கானே."

"அப்ப கெங்கிட்ட."

"கெங்கிட்டச் சொன்னா கெங்குக்குத்தானே சொன்ன மாதிரி? ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகுமா?"

"ஏன் ஆகாது?" மூலிதாலோ நிமிர்ந்தார். போன வருடம் நில வழக்கில் நீதிபதியையே வாயடைக்க வைத்த வாக்கியம் அவர் நாக்கின் நுனிக்கு வந்தது. "ஒருத்தன் எங்க உக்காந்திருக்கானோ அங்க அவன் குடும்பம் உக்காந்திருக்கு. குடும்பம் எங்க உக்காந்திருக்கோ அங்க ஊரே உக்காந்திருக்கு."

அகெனெசே தலை குனிந்தாள். "அப்ப குவாங்சோ நம்ம எதுத்தாப்லயே உக்காந்திருக்குங்களா?"

மூலிதாலோ கடைப் பக்கம் பார்த்தார். வேறு எவருடைய பேச்சாக இருந்தாலும் அவர் உடைத்துப் போட்டிருப்பார். இது அவருடைய சொந்தச் சரக்கு; இதை உடைத்தால் நிலமும் போய்விடும். அதோடு, கடைக்குப் போக ஆகாயத்தில் ஏற வேண்டியதில்லை. அந்த எண்ணம் அவர் முகத்தில் மெல்ல விடிவதை அகெனெசே பார்த்தாள்.

"உக்காந்திருக்கு," என்றார் மூலிதாலோ. "அதை இத்தனை நாள் காக்க வெச்சிருக்கோம். சனிக்கிழமையே போயிடலாம்."

*

கூடத்திலிருந்து கடைக்கு அறுபது எட்டு இருக்கும். ஆனால் பயணம் என்றால் பயணம்தான் என்று மூலிதாலோ எல்லாரையும் கடற்கரை வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் தலைக்கு மேல் மென்பாய்களை விரித்துப் பிடித்தார்கள். போதகரம்மா பன்றிக்குட்டியை இடுப்பில் வைத்திருந்தாள். பதினாறு மீன் பெட்டிகளும் முந்தின நாள் கெங்கின் கடை முன்வாசல் வழியாக வெளியே வந்தவை, இப்போது அதே முன்வாசலுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

கெங் துவைத்த சட்டை போட்டு, வலைக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுக்கு முறை சொல்லித்தர அகெனெசே.

மூலிதாலோ கோலை ஊன்றினார். ஒரு ஊரை வணங்கும்போது அதன் மலையையும் ஆற்றையும் பழம்பெரும் குடும்பங்களையும் பெயர் சொல்லி வணங்க வேண்டும். அவருக்கு அந்த ஊரில் எதுவும் தெரியாது. ஆனால் கண் தெரியும். கெங்கின் தலைக்குப் பின்னால் அலமாரியும் சரக்குகளின் மேல் அச்சிட்ட படங்களும் தெரிந்தன.

"இரட்டைப் பொன்மீன் நீந்துற தண்ணிக்கு வணக்கம்," என்று தொடங்கினார். "மூணு கொக்கு உக்காந்த மலைக்கு வணக்கம்."

"அது கொசுவத்தி," என்றான் கெங் மெதுவாக.

"பேசாம இரு. நீ இப்ப ஊரு."

"செவப்பு ரோசாவும் யானையும் கூடி ஆண்ட வம்சத்துக்கு வணக்கம்." அது சோப்பும் அரிசியும். தலையாட்டுகிறவர்கள் மனமுருகி ஆட்டினார்கள். கடைசி அலமாரிக்கு வர முக்கால் மணி ஆயிற்று. அங்கே எலிப்பாஷாணமும் இருந்தது. மூலிதாலோ அதை எதிரிகளை ஒழித்த மாவீரன் என்றார். தவறு என்று சொல்ல முடியாது.

நடுவில் ஒருத்தி உப்பு வாங்க வந்தாள். பழக்கதோஷத்தில் கெங் எழப் பார்த்தான். சாமரம் காற்றில் விசிறியது. "ஊர் எழுந்திரிக்கக் கூடாது," என்றார் மூலிதாலோ. உப்புக்காரியும் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது மணி முடிந்தபோது கெங் பதிலுரை சொல்ல வேண்டும். அவன் தன் தாய்மொழியில் பேசினான். நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு, கண் மூடி. ஊரே அசையாமல் கேட்டது. மூலிதாலோ, "ஆழம், ஆழம்," என்று முணுமுணுத்தார்.

"என்ன சொன்ன?" என்றாள் அகெனெசே, சோறு பரிமாறும்போது.

"அரிசி விலை. போன மாசத்திலருந்து ஏறினது எல்லாம்."

பிறகு அவன் உறையை இரண்டு கையாலும் நீட்டினான். இரண்டாயிரத்து முந்நூறு தாலா. அகெனெசேயும் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விற்ற பசுக்களில் ஒன்று வாலை ஆட்டியதைப் போல அவளுக்கு இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் கெங்கின் கணக்கு சரிதான். ஆனால் விருந்தாளி கொண்டுவந்த பண்டத்தில் ஒரு பகுதியை வீட்டுக்காரன் திருப்பிக் கொடுக்க வேண்டும், பேச்சுத் தலைவருக்குத் தனிப் பங்கு என்றும் ஒரு வழக்கம் உண்டு. மூலிதாலோவே முன்னின்று பிரித்தார். போதகருக்கு மூன்று பெட்டி, தலையாட்டியவர்களுக்கு இரண்டு இரண்டு, பேசியவருக்கு நான்கு. பன்றிக்குட்டி போதகரம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவேயில்லை.

மிஞ்சிய ஐந்து பெட்டியையும் கெங் பார்த்தான். பிறகு அகெனெசேயைப் பார்த்தான்.

"இதை நீங்க சொல்லல."

"நீ கேக்கல தம்பி."

"இருவது கிலோ."

"சரி, இருவது," என்றாள். இந்த முறை பேரம் பேசவில்லை.

வந்தவர்கள் எழுந்தபோது மூலிதாலோ மட்டும் எழவில்லை. தங்கும் செலவு சைபர் என்று ஊர் முன்னால் எழுதியாயிற்று. தங்காமல் போனால் எழுதியது பொய்யாகிவிடும். அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொண்டார். காலையில் ரொட்டி வாங்க வந்தவர்களிடம், குவாங்சோவில் தூக்கம் பரவாயில்லை, கொசுவே இல்லை என்றார்.

*

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது அகெனெசே படகுத்துறைக்கு வந்தாள். கைப்பையில் போகச் சீட்டு, வரச் சீட்டு, அறைக்கும் சாப்பாட்டுக்கும் தேவையானதைவிட ஆயிரம் தாலா கூடுதல் பணம், கெங்கின் அத்தை விலாசம், பூட்டிலிருந்து வெளியே வந்த மீதி விலை. ஆறாயிரம் சுற்றிச் சுற்றி வந்து, அவள் முதல் நாள் எழுதிய நாலு வரிக்கே வந்து சேர்ந்திருந்தது. என்ன, நடுவில் ஊரே ஒருமுறை குவாங்சோவைப் பார்த்துவிட்டது.

வழியனுப்ப மூலிதாலோ வந்திருந்தார். முகம் சரியில்லை.

"ஒரு சிக்கல்மா. நாம போயிட்டோம். இனி அவங்க வரணும்."

"எவங்க ஐயா?"

"குவாங்சோ. ஒரு ஊரு விருந்துக்குப் போனா, அந்த ஊரு திரும்ப வரணுமே. கெங்கிட்டக் கேட்டேன், உங்க ஊர்ல எத்தனை பேருன்னு. ஒன்றே முக்கால் கோடிங்கறான்."

"அவ்வளவு பேரும் வர மாட்டாங்க ஐயா."

"அதான் நானும் சொன்னேன். வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, வேலைக்குப் போறவங்க, பாதியக் கழிச்சாச்சு. மீதிக்கே நம்ம தீவுச் சேப்பங்கிழங்கு ஒரு வேளைக்கு வராது." அவர் குரலைத் தாழ்த்தினார். "காலையிலருந்து கூடத்துல கணக்குப் போட்டுட்டு இருக்கோம். போதகரம்மா கையில சாக்கட்டி. கிழங்கு, பன்றி, படுக்க இடம். எந்த வரியும் அடங்க மாட்டேங்குது. ஒரே ஒரு வரிதான் சைபர்."

"எதுங்க?"

"உக்கார நாற்காலி. நம்மகிட்டதான் நூறு இருக்கே."

படகு சங்கு ஊதியது. அகெனெசே ஏறிவிட்டாள். ஏறுபலகையைத் தூக்கும் வரை அவர் துறையிலேயே நின்றார். பிறகு, ஒரு பேச்சுத் தலைவரின் குரலில், ஆற்றையும் மலையையும் அழைத்த அதே குரலில், தண்ணீருக்கு மேலாகச் சொன்னார்:

"அங்க போனதும் ஒரு ஆளை உக்கார வெச்சு அளந்து பாத்துட்டு வாம்மா. நம்ம நாற்காலி அவங்களுக்குச் சரியா இருக்குமான்னு."